கிரகணத்தில் வெட்டிய மீன்

சாய்ந்தமருதுக் கடற்கரை ஒழுங்கையில், லைலாவின் வீட்டில், அந்த வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு ஒரு வழக்குத் தொடங்கியது. வழக்கு சூரியனைப் பற்றியது.

ஆனி மாதத்தில் ஒரு காலை சூரியன் முழுசாக மறையப் போகிறது என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. வெள்ளைக்காரர்கள் கப்பலில் பெட்டி பெட்டியாகக் கண்ணாடிகளும் குழாய்களும் கொண்டுவந்து பொலன்னறுவைப் பக்கம் கூடாரம் அடித்திருக்கிறார்கள் என்று மீன் லொறிக்காரர்கள் சொன்னார்கள். ஊருக்கு அது புதினம். லைலாவின் தாய் சல்மா உம்மாவுக்கு அது நெஞ்சிடி. ஏனென்றால் லைலாவுக்கு அப்போது வயிற்றில் ஐந்தாம் மாதம்.

"அண்டைக்கு நீ என்ட குடிலுக்குள்ள இரிக்கணும். தண்ணி வெண்ணி குடிக்கப்படா. கத்தி, ஊசி, பாக்குவெட்டி ஒண்டும் கையால தொடப்படா. செல்லிட்டன்" என்றாள் சல்மா உம்மா.

லைலா, முற்றத்தில் சிப்பி பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

நாச்சியாவுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. மேலுதடு நடுவில் பிளந்து மூக்கடி வரை திறந்து கிடந்தது. 'ம'வும் 'ப'வும் அவளுக்கு வாயில் நிற்காது, காற்றாகப் போய்விடும். ஒழுங்கைப் பிள்ளைகள் 'மூளி' என்று கூப்பிட்டதால் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் முந்தானையால் அவள் வாயை மறைக்கிற தாயைப் பார்த்துப் பழகி, அவளே தன் சட்டைத் தலைப்பைத் தூக்கி மறைத்துக்கொள்வாள்.

அந்த உதடு எப்படி வந்தது என்பது ஊர் முழுக்கத் தெரிந்த கதை. நாச்சியா வயிற்றில் இருந்த நாளில் ஒரு காலைக் கிரகணம் வந்தது. சூரியனின் ஓரத்தை எலி கடித்தாற்போல ஒரு சின்னக் கிரகணம். லைலாவுக்கு அது தெரியாது. கிணற்றடியில் குந்திக்கொண்டு பாரை மீன் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாள். சல்மா உம்மா ஓடிவந்து கத்தியைப் பறிப்பதற்குள் மீனின் தலை துண்டாகிவிட்டது. பிள்ளை பிறந்தபோது உம்மு மருத்துவிச்சி ஒருமுறை பார்த்துவிட்டு, "கத்தி பட்ட இடம்" என்றாள். அந்த மூன்று சொற்களோடு வழக்கு தீர்ந்தது. அதன் பிறகு லைலா பாரை மீனை வாயில் வைத்ததில்லை. மற்றவர்கள் சொன்னதை அவளும் நம்பினாள் என்பதுதான் அதில் பெரிய துக்கம். பிள்ளைக்குப் பால் கொடுத்த நேரமெல்லாம் தன் வலது கையைப் பார்த்து வெறுத்தவள் அவள்.

டொக்டரிடம் காட்டலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. "கிரகணம் கிழிச்சதக் கத்தி தைக்காது. தைச்சா அடுத்த புள்ளைக்குத் தாவும்" என்று பெண்டுகள் ஒரே வாயாகச் சொன்னார்கள். பேச்சு அத்தோடு அடங்கிப் போயிற்று.

லைலாவின் கணவன் றவூப் மேற்கே குடியேற்றத் திட்டத்துக்குக் காணி அளக்கிற முகாமில் எழுதுவினைஞன். வெள்ளிக்கிழமை வருவான், ஞாயிறு பின்னேரம் போவான். அந்த முறை அவன் போகும்போது லைலா கேட்டாள்:

"மச்சான், உங்கட கந்தோரில இந்தக் கிரகணத்தப் பத்திப் புத்தகம் ஒண்டும் இல்லையா?"

"புத்தகம் ஒரு அலுமாரி இரிக்கி. வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம். ஆரும் தொடுறல்ல."

"அதில ஒண்டக் கேட்டு எடுத்து வாங்க."

"உனக்கு விளங்குமா லைலா?"

"விளங்காட்டித் திருப்பிக் கொடுப்பம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் கொண்டுவந்த புத்தகம் செங்கல் மாதிரி இருந்தது. நீல நிற மட்டை. மூலையைக் கறையான் அரித்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கந்தோர் முத்திரை. நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையும் நேரமும் கணிக்கிறவர்களுக்காக எழுதப்பட்ட வானசாஸ்திரப் பாடப்புத்தகம் அது. முழுக்க ஆங்கிலம்.

லைலாவின் வாப்பா மட்டக்களப்பில் தபால் கந்தோர் வேலையில் இருந்த காலத்தில் அவள் அங்கே ஏழாம் வகுப்பு வரை ஆங்கிலத்தில் படித்தவள். வாப்பா மௌத்தாகி ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் படிப்பு பழைய பித்தளைக் குடம் போலக் களிம்பு பிடித்துக் கிடந்தது. இப்போது அதைத் துலக்க உட்கார்ந்தாள். வாப்பாவின் அகராதியை ஒரு தொடையிலும் புத்தகத்தை மறு தொடையிலும் வைத்துக்கொண்டு, உலையில் அரிசி கொதிக்கும் நேரமெல்லாம் படித்தாள். பாதிப் பக்கங்களில் எண்கள் எறும்புச் சாரை போல ஊர்ந்தன. அவற்றைத் தாண்டிப் போனாள். பிறகு கோபம் வந்து திரும்பி வந்தாள். அம்பிரா என்று ஒரு சொல். அகராதியில் 'நிழல்' என்று மட்டும் இருந்தது. பினம்பிரா என்ற சொல் அகராதியிலேயே இல்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒன்று கருநிழல், மற்றது அரைநிழல் என்று அவளே பெயர் வைத்தாள்.

ஒரு பகல் நேரம் நாச்சியாவை முற்றத்துக்குக் கூப்பிட்டாள். உரித்த தேங்காய் ஒன்றை அவள் மடியில் வைத்தாள். ஊறுகாய்க்கு வைத்திருந்த சின்னத் தேசிக்காய் ஒன்றை விரல் நுனியில் பிடித்து வெயிலில் உயர்த்தினாள். தேசிக்காயின் நிழல் தேங்காயில் பொட்டுப் போல விழுந்தது.

"தேங்காய்தான் நாம இருக்கிற உலகம். தேசிக்காய் சந்திரன். பாரு, நிழல் ஓடுது."

தேங்காயின் மேல் ஒரு கட்டெறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. நிழல் அதைத் தொட்டது, கடந்து போனது. எறும்பு தன் பாட்டுக்கு ஊர்ந்தது.

"எறும்புக்குக் கிரகணம்" என்று நாச்சியா தன் உடைந்த குரலில் சொல்லிச் சிரித்தாள். சட்டைத் தலைப்பைத் தூக்க மறந்து சிரித்தாள்.

லைலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தப் புத்தகத்தில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். கர்ப்பம் என்ற சொல்லைத் தேடினாள். பிள்ளை, உதடு, நோய், கத்தி என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். ஒன்றும் இல்லை. சந்திரன் எத்தனை தூரம், சூரியன் எத்தனை தூரம், நிழல் எந்த வேகத்தில் கடலைக் கடக்கும் என்பதெல்லாம் இருந்தது. கிணற்றடியில் குந்தியிருக்கிற ஒரு பொம்புளையின் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. அத்தனை தூரத்தில் ஓடுகிற நிழலுக்கு அவள் கையில் இருந்தது கத்தியா கரண்டியா என்று எப்படித் தெரியும்? கடைசிப் பக்கத்தை மூடியபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி அல்ல, கோபம்.

மகளின் முகத்தில் மாற்றம் கண்ட சல்மா உம்மா பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டிவந்தாள். பக்கீர் முகைதீன் லெப்பை வயதானவர், நல்லவர், பிறர் மனம் நோகப் பேசத் தெரியாதவர். வாசலில் நின்றபடியே சொன்னார்:

"மகள், உம்மா சொல்லுறதக் கேளுங்க. ஒரு காலைப் பொழுதுதானே. உள்ளுக்க இருந்து அல்லாஹ்வ நினைச்சு திக்ரு செய்யுங்க. பெரியாக்கள் காரணமில்லாம சொல்லமாட்டாங்க."

"லெப்பை, அது மார்க்கத்தில இரிக்கா?"

அவர் தாடியைத் தடவினார். "மார்க்கத்தில எண்டு... வழமையில இரிக்கி."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் லெப்பை கிரகணத்தைப் பற்றியே பேசினார் என்று றவூப் வந்து சொன்னான். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். யாருடைய மௌத்துக்காகவும் யாருடைய பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை. நாம் தொழ வேண்டும், துஆக் கேட்க வேண்டும், ஏழைகளுக்கு ஸதக்கா கொடுக்க வேண்டும் என்று சொன்னாராம்.

"ஆருட பிறப்புக்காகவும் இல்லையா?" லைலா திருப்பிக் கேட்டாள்.

"அப்பிடித்தான் சொன்னார்."

"அப்ப நான் அண்டைக்கு வெளியில நிற்பன்."

றவூபின் முகம் மாறியது. புத்தகத்தைக் கொண்டுவந்தவன் அவன்தான். படங்களைப் பார்த்து அவனும் தலையாட்டியவன்தான். ஆனால் ஊரார் மனைவியென்றால் புத்தகம் சரி. தன் மனைவியின் வயிறென்றால் அவனுக்கும் பயம்.

"புத்தகத்தில உள்ளது உண்மைதான் புள்ள. நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா ஒரு நாள் உள்ளுக்க இருந்தா என்ன குறைஞ்சி போகும்?"

"அந்த ஒரு நாளால நாச்சியாவுக்கு ஆறு வருஷம் குறைஞ்சி போச்சு மச்சான். இண்டைக்கு நான் ஒளிஞ்சா, அண்டைக்கு நான் செஞ்சது குத்தம் எண்டு நானே கையெழுத்து வைக்கிற மாதிரி."

அவன் ஞாயிறு பின்னேர பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமை விடிந்தது. வானத்தில் சில முகில்கள்தான். கடல் பக்கம் தெளிவாக இருந்தது. ஆண்கள் கிரகணத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனார்கள். ஒழுங்கையில் யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கோழிகளைக் கூட்டில் அடைத்தார்கள். கிணறுகளைப் பலகை போட்டு மூடினார்கள்.

சல்மா உம்மா, மகளுக்குக் கல்யாணம் ஆனபோது கல்வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் தென்னோலைக் கிடுகால் ஒரு குடில் கட்டிக்கொண்டவள். யன்னல் இல்லாத குடில் அது. பேர்த்தியையும் மகளையும் உள்ளே தள்ளி, தானும் உள்ளே வந்து, கதவை இழுத்துப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டாள். கதவிடுக்கில் சாக்கைச் செருகினாள். லைலா எதிர்க்கவில்லை. பாயில் உட்கார்ந்தாள். தாய் அந்த முடிச்சைத் திரும்பத் திரும்ப இறுக்குவதைப் பார்க்க அவளுக்கு மனம் கசிந்தது. அதனால் சற்றுப் பொறுத்தாள்.

கிழக்குச் சுவரின் கிடுகுகளில் ஊசி நுழையும் அளவில் நூறு துளைகள். எந்த நாளும் காலையில் அவற்றின் வழியே சூரியன் உள்ளே வந்து வட்டம் வட்டமாகக் காசு இறைத்தாற்போலக் கிடக்கும். அன்றும் கிடந்தது. முதலில் வட்டமாக. பிறகு அந்த வட்டங்களின் ஓரம் தேய்ந்தது. எல்லா வட்டங்களும் ஒரே பக்கம், ஒரே மாதிரி தேய்ந்தன.

"உம்மா, பாருங்க" என்றாள் லைலா.

குடில் முழுக்கப் பிறைகள். பாயில், பானையில், நாச்சியாவின் கன்னத்தில், சல்மா உம்மாவின் வெள்ளைத் தலைத்துணியில், எல்லாவற்றையும் விட அதிகமாக லைலாவின் மேடிட்ட வயிற்றில். மாதம் முடிகிற நாள். வானத்தில் பிறை தேடினாலும் கிடைக்காத நாள். குடிலுக்குள் நூறு பிறை.

சல்மா உம்மா பதறிக்கொண்டு தன் கைகளால் மகளின் வயிற்றை மூடினாள். பிறைகள் அவள் புறங்கைகளில் ஏறி உட்கார்ந்தன.

"யா அல்லாஹ், இதென்ன சோதனை!"

"சோதனை இல்ல உம்மா. ஒவ்வொரு துளையும் சூரியனப் படம் பிடிச்சு உள்ளுக்கு அனுப்புது. புத்தகத்தில இதுவும் இரிக்கி. அங்க சூரியன் பிறையா நிக்குது, அதால இங்கயும் பிறை. கதவப் பூட்டினீங்க. சுவரப் பூட்ட ஏலுமா? அது என்ட வயித்திலதான் இரிக்கி. அண்டைக்கும் இப்பிடித்தான் எல்லாப் புள்ளத்தாச்சிட மேலயும் விழுந்திருக்கும். அவங்கட புள்ளைகளுக்கு உதடு இரிக்கி."

"வாய மூடு லைலா."

"திறப்பத் தாங்க உம்மா."

"என்ட மையித்துக்கு மேலதான் போவாய்."

லைலா எழுந்தாள். திறப்பைக் கேட்டு மல்லுக்கட்டவில்லை. கிழக்குச் சுவரடிக்குப் போய், இரண்டு கிடுகுகள் சேரும் இடத்தில் கட்டை அவிழ்த்து, இரு கையாலும் பிரித்தாள். காய்ந்த ஓலை படபடவென்று கிழிந்தது. வழி போதாது, காலால் இன்னொரு கிடுகை உதைத்தாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து வெளியே போனாள். திரும்பி நின்று நாச்சியாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

வெளியே வெயில் வெயிலாக இல்லை. நிறம் கெட்டுப்போன பால் போல ஒரு வெளிச்சம். யன்னல் இடுக்குகளிலிருந்து பெண்கள் கத்தினார்கள். "லைலா! உனக்குப் பைத்தியமா?" "அந்தப் புள்ளையையும் கூட்டிட்டுப் போறாளே, பாவி!" ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் நடந்தாள். பின்னால் கதவைத் திறந்துகொண்டு சல்மா உம்மா தலைத்துணி நழுவ ஓடிவந்து, கரை மணலில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள்.

கரையில் தோணிகள் இழுத்து வைக்கப்பட்டிருந்தன. காலிதீன் என்ற மீன்காரன் மட்டும் தோணி நிழலில் குந்தியிருந்தான். பள்ளிப் பக்கம் அதிகம் போகாதவன். விடியுமுன் வீச்சுவலை போட்டிருந்தான். கூடையில் மீன் இன்னும் துடித்தது. மேலே ஒரு பாரை கிடந்தது.

கடற்கரைக்கு வரும்போது அவள் அதை நினைத்து வரவில்லை. சும்மா நிற்கத்தான் வந்தாள். மீனைக் கண்டதும் கால்கள் நின்றுவிட்டன.

"காலிதீன் காக்கா, அந்தப் பாரையத் தாங்க. கத்தியையும் தாங்க."

காலிதீன் அவள் வயிற்றைப் பார்த்தான். "வேணாம் தங்கச்சி. என்னப் பழிகாரனாக்காதீங்க."

"பழி என்ட பேரில ஏற்கெனவே எழுதியாச்சு. நீங்க பயப்படாதீங்க."

அவன் கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை. அவளே கூடையிலிருந்து மீனை எடுத்தாள். அவனருகே பலகையில் குத்தி நின்ற கத்தியைப் பிடுங்கினாள். மணலில் பலகையைப் போட்டு, நாச்சியாவைப் பக்கத்தில் இருத்தி, ஊர் பார்க்க உட்கார்ந்தாள். பள்ளியில் தொழுகை முடிந்து ஆண்கள் கரைப் பக்கம் வரத் தொடங்கியிருந்தார்கள். லெப்பையும் வந்தார். யாரோ ஒருவன் ஓடிவர முயன்றான். அவள் கத்தியை உயர்த்தவில்லை, தலையைத்தான் உயர்த்தினாள். அந்தப் பார்வைக்கு அவன் நின்றுவிட்டான்.

செதிள் சீவினாள். செட்டைகளை நறுக்கினாள். கழுத்தில் கத்தியை வைத்து அழுத்தினாள். தலை துண்டாகும் சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

அந்த நேரம் மேற்கே வயல்கள் பக்கமிருந்து ஒரு பெரிய இருட்டு ஓடிவந்தது. யாரோ பூமியின் மேல் போர்வையை இழுத்தாற்போல. காகங்கள் ஒரேயடியாகக் கத்திவிட்டு அடங்கின. சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றி வெண்பட்டு நூல் பிரிந்து மிதந்தது. பகலில் நட்சத்திரம். கடலின் அடிவானம் சுற்றிவர மஃரிபு நேரத்து அந்தி போல் சிவந்து நின்றது. குளிர்ந்த காற்று ஒன்று வீசியது. கத்திக்கொண்டிருந்த பெண்கள் கத்த மறந்தார்கள். ஆண்கள் "சுப்ஹானல்லாஹ்" என்று முணுமுணுத்தார்கள். படித்த படங்களில் ஒன்றும் இவ்வளவு அழகாக இல்லையே என்று லைலாவுக்குக் கண்ணீர் வந்தது.

"உம்மா, இதான் அந்தக் கருநிழலா?" நாச்சியா கேட்டாள்.

"ஓம் மகள். இப்ப நாம அதுக்குள்ள நிக்கிறம்."

"எறும்பு மாதிரி?"

"எறும்பு மாதிரித்தான்."

வைரம் தெறித்தாற்போல ஓர் ஓரத்தில் ஒளி பீறிட்டது. வெளிச்சம் திரும்பியது. கோழிகள் கூட்டுக்குள்ளிருந்து கூவின. மணலில் மீன் ரத்தமும் கத்தியும் எல்லார் கண்ணிலும் பட்டன.

லெப்பை முன்னால் வந்தார். "என்ன மகள் இப்பிடிச் செஞ்சுட்டீங்க!"

"நீங்க வெள்ளிக்கிழமை சொன்னத நம்பித்தான் லெப்பை செஞ்சன். ஆருட பிறப்புக்காகவும் இது வாறல்ல எண்டு சொன்னீங்களே."

"அது சொன்னன். அதுக்காக மீன் வெட்டுங்க எண்டு சொல்லல்லயே."

"வெட்டப்படா எண்டும் சொல்லல்லயே."

லெப்பை கூட்டத்தின் பக்கம் திரும்பி, "சரி, சரி. சனம் கலைஞ்சு போங்க. மகள் வீட்டுக்குப் போகட்டும்" என்றார்.

பகல் சமையலில் பாரைக் குழம்பு. லைலா உண்டாள், நாச்சியா உண்டாள். அயல் வீடு எதிலும் ஒரு கோப்பை குழம்பை வாங்கவில்லை. சல்மா உம்மா மகளோடு கதைப்பதை நிறுத்தினாள். கிழிந்த கிடுகுச் சுவரைத் தானே முடைந்து கட்டினாள். கதை பஸ்ஸேறி முகாமுக்கே போயிருந்தது. வெள்ளிக்கிழமை றவூப் வந்து இறங்கியபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"ஊரெல்லாம் கதைக்குது லைலா. புள்ள பிறக்குமட்டும் நான் எப்பிடித் தலை நிமிர்ந்து நடக்கிற?"

"புள்ள பிறக்குமட்டும் ஏன் காத்திருக்கணும்? வாற கிழமை நாச்சியாவ மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறன். உதட்டத் தைக்க ஏலுமா எண்டு கேட்கப் போறன்."

"இப்பவா? இந்த நிலையிலயா? அடுத்த புள்ளைக்குத் தாவும் எண்டு..."

"மச்சான்," லைலா மெல்லச் சொன்னாள், "வயித்தில உள்ளது நல்லாப் பிறந்தாத்தான் நான் சரி எண்டா, அது சரியே இல்ல. வயித்துப் புள்ள எப்பிடிப் பிறந்தாலும் நாச்சியாட உதட்டச் சூரியன் கிழிக்கல்ல. கிழிக்காத ஒண்டுக்குப் பயந்து அவள விட்டு வச்சிருக்கம். நீங்க வாறீங்களா, நான் தனியப் போறதா?"

றவூப் வந்தான். முழு மனதோடு வந்தான் என்று சொல்ல முடியாது; ஆனால் பஸ்ஸில் நாச்சியாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டான், முகத்தை மறைக்கச் சொல்லவில்லை.

டொக்டர் நாச்சியாவின் வாயைத் திறந்து பார்த்தார். உள்ளண்ணம் நன்றாக இருக்கிறது, உதடு மட்டும்தான், தைக்கலாம் என்றார். "இவ்வளவு காலம் ஏன் கொண்டுவரல்ல?" என்று கேட்டார். லைலா அதற்குப் பதில் வைத்திருந்தாள். சொல்லத் தொடங்கினால் அழுகை வரும் என்று சொல்லவில்லை.

தையல் ஆறி, ஒரு மெல்லிய கோடு மிஞ்சியது. 'ம' வரப் பல நாள் எடுத்தது. கண்ணாடி முன்னால் நின்று, உதடு ஒட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்து, "மா, மா, மா" என்று நாச்சியா கன்றுக்குட்டி போல வீட்டைச் சுற்றினாள். ஒரு நாள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் போனாள். முதல் கிழமையிலேயே ஒருத்தியோடு சண்டை பிடித்துச் சட்டை கிழிந்து வந்தாள். லைலா ஏசவில்லை, சட்டையைத் தைத்துக் கொடுத்தாள்.

லைலாவுக்குப் பயமே இருக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மாதம் ஏற ஏற, வயிற்றில் பிள்ளை புரளும்போதெல்லாம் தன்னையறியாமல் விரலால் தன் மேலுதட்டைத் தடவிப் பார்த்தாள். ஆறு வருஷமாகக் காதில் ஏறிய சொல் ஒரு புத்தகத்தால் ஒரே நாளில் இறங்கிவிடாது. பயம் வரும்போது அவள் அந்த நீலப் புத்தகத்தைத் திறக்கவில்லை. அதை அதற்கு முன்பே கந்தோருக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பயத்தோடேயே எழுந்து உலை வைத்தாள், மீன் வெட்டினாள், ஊசி கோர்த்தாள்.

ஐப்பசி மழை தொடங்கிய நாளில் ஆண் பிள்ளை பிறந்தது. உம்மு மருத்துவிச்சி பிள்ளையைத் தூக்கி முதலில் உதட்டைப் பார்த்தாள். உதடு முழுசாக இருந்தது. மூக்கு, காது, விரல் எல்லாம் பார்த்தாள். எல்லாம் இருந்தன. திருப்பிப் பார்த்தபோது இடது தொடையின் பின்புறம் புளியங்கொட்டை அளவில் ஒரு சிவந்த அடையாளம்.

"நான் செல்லல்லயா!" என்றாள் உம்மு. குரலில் ஒரு வெற்றி. "கிரகணம் சும்மா விடாது. இந்தா, இங்க தொட்டுட்டுப் போயிருக்கு."

எட்டிப் பார்த்த அயல் பெண்கள் "ஓம்கா, ஓம்கா" என்றார்கள்.

களைத்துக் கிடந்த லைலா கண்ணைத் திறந்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் மூலையில் சுடுதண்ணீர்ப் பானையோடு நின்ற சல்மா உம்மா முன்னால் வந்தாள். கிரகணத்தன்று முதல் மகளோடு சரியாகக் கதைக்காதவள். வெயில் காலத்திலும் குடிலின் கிழக்குச் சுவரில் ஒரு துளை விடாமல் அடைத்து வைத்திருந்தவள். நூலளவும் மனம் மாறாதவள். பிள்ளையை மருத்துவிச்சியின் கையிலிருந்து பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்ட தொடையிலயும் இரிக்கி இந்த மறு. என்ட உம்மாவுக்கும் இருந்த. எங்கட குடியில உள்ளது. கிரகணமாம், கிரகணம்! போங்கடி, போய் உங்கட உங்கட புள்ளைகளத் திருப்பிப் பாருங்க!"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்கள். லைலா தாயைப் பார்த்தாள். உம்மாவின் தொடையில் அப்படி ஒரு மறு இருப்பதை அவள் ஒருநாளும் கண்டதில்லை. கேட்கவும் இல்லை.